ஜுராசிக் பார்க்கை இப்போது மறுபடி பார்த்தால்

கேள்வி சின்னதுதான்: "பள்ளிக்கூட வயதில் கேபிள் டிவியில் ஜுராசிக் பார்க் பார்த்துக் கிறுக்குப் பிடித்து அலைந்தேன். இப்போது ஒன்பது வயது மகளுக்குக் காட்ட ஆசை. கிராஃபிக்ஸ் பழசாகிப் போயிருக்குமா? அறிவியல் முழுக்கத் தப்பு என்கிறார்களே, உண்மையா?" இதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. அன்றைக்கு மயக்கியது படமா, அந்த வயதா என்று உங்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது. மகள் கொட்டாவி விட்டால் அந்தச் சந்தேகம் உறுதியாகிவிடுமோ என்றும் பயம். அதையும் சேர்த்தே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் விஷுவல் எஃபெக்ட்ஸில் காம்போசிட்டிங் வேலை செய்கிறவன். கேமராவில் எடுத்ததையும் கணினியில் செய்ததையும் ஒரே ஃப்ரேமுக்குள் தையல் தெரியாமல் ஒட்டுவதுதான் பிழைப்பு. ஆகவே படம் எப்படிச் செய்யப்பட்டது என்பதைப் பற்றி ஓரளவு தைரியமாகப் பேசுவேன். டைனோசர்களைப் பொறுத்தவரை நான் ஆர்வமுள்ள வாசகன், அவ்வளவுதான். அங்கே ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்த விஷயத்தை முடிவு என்றும், இன்னும் மல்லுக்கட்டும் விஷயத்தை அப்படியே மல்லுக்கட்டு என்றும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கிராஃபிக்ஸ். 1993இல் வந்த படம் என்பதை மறந்துவிடும் அளவுக்கு அது நிற்கிறது. காரணம் கொஞ்சம் வேடிக்கையானது: படத்தில் கிராஃபிக்ஸ் மிகக் குறைவு. 127 நிமிடப் படத்தில் டைனோசர்கள் திரையில் தெரிவதே ஏறக்குறைய கால் மணி நேரம். அதிலும் கணினியில் உருவானது ஆறு நிமிடத்தை ஒட்டித்தான். மீதி எல்லாம் ஸ்டான் வின்ஸ்டனின் குழு செய்த நிஜ அளவு இயந்திர பொம்மைகளும், உள்ளே ஆள் புகுந்து ஆட்டிய உடைகளும். இன்றைக்குப் பெரிய பட்ஜெட் படங்களில் கணினிக் காட்சிகள் ஆயிரத்தைத் தாண்டிவிடுவதுண்டு. நூறு கோடி செலவழித்து முப்பது வருஷம் கழித்து எடுத்த படங்களில் மிருகங்கள் காற்றில் மிதக்கும்போது இந்தப் பழைய மிருகம் மட்டும் தரையை மிதித்து நிற்பதைப் பார்த்து எங்கள் தொழிலில் இருப்பவர்கள் கொஞ்சம் வெட்கப்பட வேண்டும்.

அந்த எடை எங்கிருந்து வந்தது? முதலில் இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் போட்ட திட்டத்தில் கணினி டைனோசரே கிடையாது. தூரத்தில் முழு உருவமாக நடக்க வேண்டிய காட்சிகளை எல்லாம் ஃபில் டிப்பெட் சின்ன பொம்மைகளை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திச் செய்வதாக இருந்தது. இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் என்ற விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனத்தில் இருந்த சிலர் ஒரு டைனோசர் எலும்புக்கூட்டைக் கணினியில் நடக்கவிட்டுக் காட்டினார்கள். அதைப் பார்த்ததும் டிப்பெட் தன் இனமே அழிந்துவிட்டது என்ற அர்த்தத்தில் ஒன்று சொன்னார், ஸ்பீல்பெர்க் அதை எடுத்துப் படத்துக்குள்ளேயே வசனமாக வைத்துவிட்டார். இந்தக் கதையைப் பலர் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். டிப்பெட்டை வீட்டுக்கு அனுப்பவில்லை. அவர் ஆட்கள் கையால் அசைக்கக்கூடிய ஓர் உலோக எலும்புக்கூட்டைச் செய்து, மூட்டுக்கு மூட்டு சென்சார் பொருத்தி, அந்த அசைவைக் கணினிக்குள் அனுப்பினார்கள். வருஷக்கணக்கில் பொம்மையைத் தொட்டு அசைத்துப் பழகிய கைக்கு, ஒரு கால் எழும்போது இடுப்பு எந்தப் பக்கம் சரியும் என்பது தெரியும். மென்பொருள் தானாக அதைக் கொடுக்காது, இன்றும் கொடுப்பதில்லை.

டி. ரெக்ஸ் என்ற ராட்சத டைனோசர் வேலியை அறுத்துக்கொண்டு வெளியே வரும் இரவுக் காட்சியை மகளோடு பார்ப்பதற்கு முன்னால் ஒருமுறை தனியாகப் பாருங்கள். முதலில் காதை வையுங்கள்: அந்தத் தாக்குதல் முழுக்கப் பின்னணி இசை கிடையாது. இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அவரைச் சும்மா இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். மழை, வைப்பர், கம்பி அறும் சத்தம், அப்புறம் அந்தக் கர்ஜனை. ஒலி வடிவமைப்பாளர் கேரி ரைட்ஸ்ட்ரோம் அந்தக் கர்ஜனையை யானைக்குட்டி, புலி, முதலை ஆகியவற்றின் குரல்களைக் கலந்து செய்தார். படத்துக்குக் கிடைத்த மூன்று ஆஸ்கர்களில் இரண்டு ஒலிக்கு என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. மிருகம் வருவதற்கு முன்னால் தம்ளர் தண்ணீரில் வட்டம் வட்டமாக அதிர்வு வருகிறதே, அது காரின் டாஷ்போர்டுக்கு அடியில் கிட்டார் கம்பியைக் கட்டி மீட்டியது. ஒரு பைசா கிராஃபிக்ஸ் இல்லாமல் பல டன் மிருகத்தை மனதுக்குள் நிறுத்தியாகிவிட்டது.

அடுத்து வெட்டுகளைக் கவனியுங்கள். தலை, கண், பல் என்று நெருக்கமாக வருவது பெரும்பாலும் நிஜ பொம்மை. தலையிலிருந்து வால்வரை சுமார் 40 அடி, பல டன் எடை. மழைக் காட்சியில் அதன் ரப்பர் தோல் தண்ணீரை உறிஞ்சிக் கனத்து, இயந்திரம் தாங்க முடியாமல் நடுங்க ஆரம்பித்திருக்கிறது. டேக்குக்கு டேக் ஆட்கள் துணியை வைத்துத் துடைத்துக் காய வைத்திருக்கிறார்கள். நிஜத் தோலின் ஈரப் பளபளப்பையும் சொரசொரப்பையும் கண் பார்த்துப் பதிய வைத்துக்கொள்கிறது. அடுத்த ஷாட்டில் கணினி ரெக்ஸ் முழு உருவமாக நடந்து வரும்போது, அதில் இல்லாத விவரங்களைக்கூட நம் மூளையே கொண்டுபோய் ஒட்டிவிடுகிறது. இரவு, மழை, கார் விளக்கு, டார்ச் வெளிச்சம் எல்லாமே அந்தக் காலக் கணினியின் பலவீனங்களை மறைக்கத் தோதானவை. பயமுறுத்துவதற்கும் அதே சூழல்தான் தோது. தொழில்நுட்பத்தின் தேவையும் கதையின் தேவையும் இப்படி ஒரே திசையில் இழுப்பது எங்கள் வேலையில் அபூர்வம்.

இறங்குமுகமும் உண்டு. பகல் வெயிலில் நீண்ட கழுத்துப் பிராக்கியோசாரஸ் முதன்முதலாகக் காட்சி தருகிறதே, அந்த ஷாட் பெரிய திரையில் இப்போது கொஞ்சம் ஒட்டாமல்தான் நிற்கிறது. புல்வெளியின் வெளிச்சம் ஒரு மாதிரி, மிருகத்தின் மேல் விழும் வெளிச்சம் ஒரு மாதிரி. ஆனாலும் காட்சி விழுவதில்லை, ஏனென்றால் ஸ்பீல்பெர்க் முதலில் நடிகர்கள் சாம் நீல், லாரா டெர்ன் முகங்களைத்தான் காட்டுகிறார். அவர்கள் வாய் பிளந்த பிறகுதான் நாம் திரும்பிப் பார்க்கிறோம். இன்னொன்று, தொழில்காரனின் அல்ப ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள்: கடைசிப் பகுதியில் லெக்ஸ் என்ற சிறுமி கூரைத் தட்டியிலிருந்து கீழே தொங்கும்போது ஒரு கணம் மேலே பார்க்கிறாள். அங்கே தொங்கியது சண்டைக் கலைஞர். முகம் மட்டும் நடிகையுடையது, கணினியில் மாற்றப்பட்டது. டைனோசர்களைவிட அந்த ஒரு கணம்தான் இன்றைய சினிமாவுக்கு நெருக்கமான மூதாதை. ஒருவரும் கவனிப்பதில்லை.

அதே ரெக்ஸ் காட்சியில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. மிருகம் வெளியே வரும்போது வேலிக்கு அந்தப் பக்கம் சாலை மட்டத்தில் தரை. கொஞ்ச நேரத்தில் காரை அதே பக்கம் தள்ளும்போது அங்கே பல அடி ஆழப் பள்ளம். இதற்கு வரைபடம் போட்டு விளக்கம் சொல்லும் ரசிகர்கள் உண்டு. படத்துக்குள் விளக்கம் இல்லை. முதல் முறை பார்க்கும் யாரும் இதைக் கேட்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, அறிவியல். இதில் மூன்று வகை இருக்கிறது, மூன்றையும் குழப்பித்தான் "முழுக்கத் தப்பு" என்கிறார்கள். ஒன்று, சந்தேகமே இல்லாமல் தப்பு. டைனோசர்களை மறுபடி உருவாக்கப் படத்தில் சொல்லும் வழிபோல, ஆம்பர் என்கிற கல்லான மரப்பிசினுக்குள் சிக்கிய கொசுவின் வயிற்றிலிருந்து டைனோசர் டிஎன்ஏ கிடைக்காது. நியூசிலாந்தின் அழிந்துபோன மோவா பறவை எலும்புகளை வைத்து 2012இல் வெளியான ஆய்வு, அந்தச் சூழலில் டிஎன்ஏவின் அரை ஆயுள் (பாதிப் பிணைப்புகள் அறுந்துபோக ஆகும் காலம்) சுமார் 521 வருஷம் என்று கணக்கிட்டது. உறைகுளிரிலேயே இருந்தாலும் 68 லட்சம் வருஷத்துக்குள் எல்லாப் பிணைப்பும் அறுந்துவிடும் என்கிறது அதே கணக்கு. டைனோசர்கள் போய் 6.6 கோடி வருஷம் ஆகிறது. 2022இல் கிரீன்லாந்து மண்ணிலிருந்து எடுத்த டிஎன்ஏ சுமார் 20 லட்சம் வருஷப் பழமையானது, அதுவே பெரிய செய்தியானது. ஆனால் 1993இல் இது இவ்வளவு தெளிவாக இல்லை. படம் அமெரிக்காவில் வெளியானது ஜூன் 11. அதற்கு முந்தைய நாள்தான் நேச்சர் இதழில், லெபனான் ஆம்பருக்குள் இருந்த 12 கோடி வருஷத்துக்கும் முந்தைய வண்டிலிருந்து டிஎன்ஏ எடுத்துவிட்டதாக ஒரு கட்டுரை வந்தது! பிறகு மற்றவர்கள் ஆம்பர் பூச்சிகளில் முயன்றபோது எதுவும் கிடைக்கவில்லை. வெளியிலிருந்து கலந்துவிட்ட டிஎன்ஏ என்பதுதான் இன்றைய பொதுவான முடிவு. ஆக, மூல நாவலை எழுதிய மைக்கேல் கிரைட்டன் அன்றைய விஞ்ஞானிகள் சிலர் நிஜமாகவே நம்பிய ஒன்றைத்தான் கதையாக்கினார்.

அதே சமயம், அன்றைக்கே தெரிந்தும் விட்ட தப்புகள் இருக்கின்றன. படத்தில் ஆம்பர் தோண்டும் சுரங்கம் டொமினிகன் குடியரசில் இருக்கிறது. அந்த நாட்டு ஆம்பருக்கு வயது ஒன்றரை, இரண்டு கோடி வருஷம்தான். டைனோசர் ரத்தம் குடித்த கொசு அதில் மாட்டியிருக்க வழியே இல்லை. ஆம்பருக்குள் காட்டும் கொசு, ரத்தமே குடிக்காத பெரிய கொசு இனத்தைப் போல இருக்கிறது என்று பூச்சியியல்காரர்கள் சிரிப்பார்கள். டைனோசர்கள் தப்பித்தாலும் லைசின் என்ற அமினோ அமிலத்தை அவற்றால் உடம்பில் தயாரிக்க முடியாதபடி செய்துவிட்டோம், நாங்கள் கொடுக்காவிட்டால் செத்துவிடும் என்று பொறியாளர் ஒருவர் சொல்வார். நம் உடம்பாலும் அதைத் தயாரிக்க முடியாது, பருப்பு சாப்பிட்டுச் சமாளிக்கிறோம். டைலோஃபோசாரஸுக்குக் கழுத்துக் குடையும் விஷ எச்சிலும் இருந்ததற்கு ஆதாரம் எதுவும் இல்லை. நிஜத்தில் அது ஆறு மீட்டருக்கு மேல் நீளமான மிருகம், படத்தில் நாய் அளவுக்குச் சுருக்கிவிட்டார்கள். அசையாமல் நின்றால் டி. ரெக்ஸுக்குக் கண் தெரியாது என்பதும் கதை. அதன் இரு கண்களும் முன்னோக்கிப் பார்த்தன, மோப்பமும் பிரமாதம். வெலோசிராப்டர் என்ற பெயரில் ஓடுவது பெரும்பாலும் அமெரிக்காவில் கிடைத்த டைனானிகஸ் என்ற இன்னொரு டைனோசர், அதையும் இன்னும் ஊதிப் பெரிதாக்கியது. நிஜ வெலோசிராப்டர் மங்கோலியாவைச் சேர்ந்தது, இடுப்பு உயரம் அரை மீட்டர். உங்கள் மகளுக்கு ஒரு பெரிய வான்கோழியைக் காட்டி, நீண்ட வாலையும் பற்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லலாம்.

இரண்டாவது வகை, படம் எடுத்தபோது யாருக்கும் தெரியாதது. சீனாவின் லியாவ்நிங் பகுதியிலிருந்து இறகு போர்த்திய டைனோசர் புதைபடிவங்கள் வர ஆரம்பித்ததே 1996இலிருந்துதான். வெலோசிராப்டரின் முன்கை எலும்பில் இறகு பொருந்திய முடிச்சுகளை 2007இல்தான் கண்டார்கள். இதற்காகப் படத்தைத் திட்டுவது நியாயமில்லை. பின்னால் வந்த பாகங்களைத் தாராளமாகத் திட்டலாம். மூன்றாவது வகை, இன்னும் வழக்கு தீராதது: ரெக்ஸ் எவ்வளவு வேகமாகப் போகும், அதன் பற்களை உதடு மூடியிருந்ததா, உடம்பில் எங்காவது இறகு இருந்ததா. வேகத்தைப் பற்றிய கணக்குகள் பெரும்பாலும் ஜீப்பைத் துரத்தும் அந்தக் காட்சிக்கு எதிராகவே இருக்கின்றன, எண்கள் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. உதடு இருந்தது என்று 2023இல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வாதிட்டது, ஏற்காதவர்களும் இருக்கிறார்கள்.

படம் சரியாகச் செய்ததையும் சொல்லாவிட்டால் பாவம். அதுவரை சினிமாவில் டைனோசர் என்றால் வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு போகும் மந்தமான பல்லி. 1960களின் கடைசியில் ஜான் ஆஸ்ட்ரம் டைனானிகஸை விவரித்ததிலிருந்து, இவை சுறுசுறுப்பான, பறவைகளுக்கு உறவான மிருகங்கள் என்ற எண்ணம் ஆய்வாளர்களிடையே வலுத்துக்கொண்டிருந்தது. அதைப் பொதுமக்களிடம் ஒரே நாளில் கொண்டுசேர்த்தது இந்தப் படம். ஆலோசகராக இருந்த ஜாக் ஹார்னர், ராப்டர்களுக்குப் பாம்பு மாதிரி பிளந்த நாக்கு வைத்திருந்ததை எதிர்த்து எடுக்கவைத்தார். பதிலாகத்தான் சமையலறைக் கதவின் கண்ணாடியில் மூச்சுக்காற்று பனியாகப் படிகிறது. பயத்துக்கு நாக்கைவிட அதுதான் மேல், இல்லையா?

என் கணக்கில் படம் நிஜமாகவே வலுவிழப்பது வேறு இடத்தில்: டைனோசர் பூங்காவைக் கட்டிய ஹாமண்ட். நாவலில் அவர் பேராசை பிடித்த, பேரப்பிள்ளைகள் மேல்கூட அக்கறை இல்லாத முதலாளி, கடைசியில் தான் உருவாக்கிய சின்ன டைனோசர்களிடமே மாட்டிச் சாகிறார். படத்தில் அந்த வேடத்துக்கு ரிச்சர்ட் அட்டன்பரோ. 'காந்தி' படத்தை இயக்கிய அதே மனிதர். வெள்ளைத் தாடியும் கைத்தடியுமாக அன்பான தாத்தா. சின்ன வயதில் நமக்கும் அவரைப் பிடித்துவிட்டது. பெரியவனான பிறகு பார்த்தால் கை எண்ணுகிறது: காவல் வேலையில் இருந்த தொழிலாளி, வக்கீல், புரோகிராமர், பொறியாளர், வேட்டைக்காரர். செத்தவர்கள் எல்லாரும் சம்பளத்துக்கு வந்தவர்கள். முதலாளியும் அவர் பேரப்பிள்ளைகளும் விருந்தாளிகளும் ஹெலிகாப்டரில் ஏறுகிறார்கள். தொடக்கத்தில் செத்த தொழிலாளியின் குடும்பம் இரண்டு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டிருப்பதாக ஒரு வரி வருகிறது, அத்தோடு அந்தக் குடும்பம் காணாமல் போய்விடுகிறது. "எதற்கும் செலவைப் பார்க்கவில்லை" என்று ஹாமண்ட் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஆனால் தீவின் மொத்தக் கணினியையும் நம்பி ஒப்படைத்திருக்கும் ஒரே ஆளிடம் சம்பளத் தகராறு. சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு அந்த வாக்குவாதம் டைனோசரைவிடப் பரிச்சயமாக இருக்கும். படத்தின் கூர்மையான கிண்டல் அதுதான், ஆனால் பழி முழுவதையும் அந்த ஆளின் பருமனான உடம்பின் மேலும் அவர் சிந்தும் சாப்பாட்டின் மேலும் போட்டுவிட்டுப் படம் தப்பித்துக்கொள்கிறது.

இத்தனைக்கும் ஹாமண்டை விசாரிக்க அருமையான காட்சி ஒன்றை வைத்திருக்கிறார்கள். மின்சாரம் போய், உருகும் ஐஸ்கிரீமைத் தின்றுகொண்டு, தான் முதன்முதலில் நடத்திய தெள்ளுப்பூச்சி சர்க்கஸைப் பற்றிச் சொல்கிறார். பூச்சியே இல்லை, மோட்டார்தான் ஊஞ்சலை ஆட்டும், ஆனால் பிள்ளைகள் பூச்சியைப் பார்த்ததாகச் சத்தியம் செய்வார்கள். நிஜமான ஒன்றைக் காட்ட ஆசைப்பட்டுத்தான் இந்தத் தீவு என்கிறார். லாரா டெர்ன் நடித்த எல்லி பதில் சொல்கிறாள்: இதுவும் அதே சர்க்கஸ்தான். என் தொழிலைப் பற்றி இவ்வளவு நேராகப் பேசிய காட்சி வேறெந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. ஆனால் சினிமா அதற்கு முன்னாலேயே பூங்காவின் பரிசுக் கடைக்குள் கேமராவை ஓட்டி, நிஜக் கடைகளில் விற்ற அதே சின்னம் பொறித்த பொருட்களை வரிசையாகக் காட்டியிருக்கிறது. பூங்காவைக் கண்டித்துக்கொண்டே டிக்கெட்டும் விற்பது என்ற இந்த இரட்டை வேலை, பின்வந்த எல்லாப் பாகங்களிலும் பெரிதாகிக்கொண்டே போனது.

சில்லறைக் குறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நோயில் விழுந்த டிரைசெராடாப்ஸ் என்ற கொம்பு டைனோசருக்கு என்ன ஆயிற்று என்று எல்லி சாணிக்குள் கைவிட்டுத் தேடுகிறாள். பழம் விஷமா என்று சந்தேகம். நம் வேம்புக்கு உறவான மரத்தின் பழம் அது. அப்புறம் மழை வருகிறது, மற்றவர்கள் போய்விடுகிறார்கள், விடை கிடைப்பதே இல்லை. கடைசிக் காட்சியில் டி. ரெக்ஸ் கட்டடத்துக்குள் வந்து எல்லாரையும் காப்பாற்றுகிறதே, தம்ளர் தண்ணீரை அதிரவைத்த அந்தக் காலடி அங்கே ஒரு சத்தமும் போடவில்லை. முதலில் வேறு முடிவு யோசித்திருந்தார்கள். படத்தின் நாயகன் ரெக்ஸ்தான் என்று உணர்ந்த ஸ்பீல்பெர்க் மாற்றினார். நியாயமான திருட்டு, நான் மன்னித்துவிட்டேன். யூனிக்ஸ் என்ற இயங்குதளம் உள்ள கணினியைச் சிறுமி லெக்ஸ் இயக்கும் காட்சியைக் கேலி செய்யாதவர்கள் இல்லை, ஆனால் திரையில் தெரியும் அந்த முப்பரிமாணக் கோப்பு மேலாளர் சிலிக்கான் கிராஃபிக்ஸ் கணினிகளில் நிஜமாகவே இருந்தது. நாவலில் டிம்தான் அண்ணன், கணினி தெரிந்தவனும் அவன்தான். படத்தில் லெக்ஸை அக்காவாக்கி அந்தத் திறமையை அவளுக்குக் கொடுத்தார்கள், உங்கள் வீட்டில் அது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

ஆகவே உங்கள் சந்தேகத்துக்கு: மயக்கியது படம்தான். கதையின் முதுகெலும்பு நீங்கள் நினைவில் வைத்திருப்பதைவிட மெலிந்தது, காட்சிகளின் கட்டுமானம் நினைவில் இருப்பதைவிட உறுதியானது. அமெரிக்காவில் 13 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பெற்றோர் கவனம் தேவை என்று சான்றிதழ் கொடுத்த படம் இது. வெட்டுண்ட கை ஒன்று தோளில் விழும் இடமும் சமையலறைக் காட்சியும் ஒன்பது வயதுக்குக் கடுமையாக இருக்கலாம், பக்கத்தில் உட்காருங்கள். அறிவியல் திருத்தங்களைப் படம் முடிந்த பிறகு சொல்லுங்கள், நடுவில் வேண்டாம். டிவி அமைப்பில் மோஷன் ஸ்மூத்திங் என்று ஒன்று இருக்கும், பிராண்டுக்கு ஒரு பெயரில். அது இல்லாத ஃப்ரேம்களைத் தானாகச் சேர்த்து எந்தப் படத்தையும் சீரியல் மாதிரி ஆக்கிவிடும், டைனோசர்களின் எடையை முதலில் தின்பது அதுதான். அணைத்துவிடுங்கள். டிவியின் சொந்த ஸ்பீக்கரை நம்பாமல் ஏதாவது சவுண்ட்பாரையாவது மாட்டுங்கள், அறை விளக்கையும் அணையுங்கள்.